ஆயத்த லென்சுகளைக் கொண்டு மடங்கு மாற்றக்கூடிய லேசர் கற்றை விரிப்பான்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் அழகப்பா செட்டியார் வழங்கிய நிலத்தில் வளர்ந்த கல்வி நிலையங்களுக்கு அருகில் குடியிருப்பதால், இறுதியாண்டுச் செயல்திட்டத்துக்காக லேசர் ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் மாணவர்கள் எனக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களும், தேக்கில் லேசர் கொண்டு செதுக்கும் பட்டறைக்காரர்கள் சிலரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கணக்குகள் யாவும் ஒரே வடிவமைப்பைச் சுற்றியே அமைந்தவை: 532 நானோமீட்டர் அலைநீளமும் 1 மி.மீ. விட்டமும் உடைய பச்சைக் கற்றையை, 2 மடங்கு முதல் 5 மடங்கு வரை வேண்டியவாறு விரித்துத் தரும் மூன்று லென்சுக் குழல்.

லேசர் கற்றை ஏற்கெனவே மெல்லியதாகத்தானே இருக்கிறது? அதை ஏன் விரிக்க வேண்டும்?

மெல்லியதாக இருப்பதே அதன் குறை. ஒளி அலையாக இருப்பதால், எவ்வளவு குறுகலான கற்றையோ அவ்வளவு விரைவாக அது பரவும். மேலே சொன்ன 1 மி.மீ. கற்றை 45 மீட்டர் தொலைவைக் கடக்கும்போது ஏறத்தாழ 30 மி.மீ. விட்டமுள்ள மங்கலான வட்டமாகிவிடுகிறது. அதே கற்றையை முதலில் 5 மி.மீ. ஆக விரித்து அனுப்பினால், 45 மீட்டரில் அதன் விட்டம் ஏறத்தாழ 8 மி.மீ. மட்டுமே. எத்தனை மடங்கு விரிக்கிறோமோ, கற்றை பரவும் கோணம் (விரிகோணம்) அத்தனை மடங்கு குறைகிறது என்பதுதான் இதன் கணக்கு.

இன்னொரு பயன் இதற்கு நேரெதிரானது போலத் தோன்றும். விரித்த கற்றையை ஒரு லென்சால் குவித்தால் கிடைக்கும் புள்ளி, விரிக்காத கற்றை தரும் புள்ளியைவிடச் சிறியது. 100 மி.மீ. குவியத் தொலைவுள்ள லென்சில் 1 மி.மீ. கற்றை விழுந்தால் புள்ளியின் விட்டம் சுமார் 68 மைக்ரோமீட்டர், 5 மி.மீ. கற்றை விழுந்தால் சுமார் 13.5 மைக்ரோமீட்டர். ஆனால் குவியத்தின் ஆழம் 25 மடங்கு குறைந்துவிடும் என்பதையும் செதுக்குவோர் நினைவில் கொள்ள வேண்டும்; மரப்பலகை சற்று வளைந்திருந்தாலே கோடு மங்கும்.

இணைக்கற்றை என்றால் விரியவே கூடாதல்லவா? என்னுடையது தொலைவில் பெரிதாகிறதே, எங்கே தவறு?

பெரும்பாலும் தவறு எங்கும் இல்லை. முற்றிலும் இணையான கற்றை என்பது பாடநூல் படத்தில் மட்டுமே உண்டு. 1 மி.மீ. பச்சைக் கற்றை ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் வரைதான் தன் பருமனைக் காத்துக்கொள்ளும். அதன்பின் பரவத் தொடங்கும். இந்தத் தொலைவு விட்டத்தின் இருமடியைப் (வர்க்கத்தைப்) பொறுத்து வளர்வதால், 2 மி.மீ. கற்றைக்கு அது சுமார் 6 மீட்டர், 5 மி.மீ. கற்றைக்குச் சுமார் 37 மீட்டர். எனவே 45 மீட்டரில் 8 மி.மீ. வட்டம் தெரிந்தால் கருவி நன்றாகவே வேலை செய்கிறது என்று பொருள், 20 மி.மீ. தெரிந்தால்தான் லென்சு இடைவெளியைச் சந்தேகிக்க வேண்டும்.

கலிலியோ முறை, கெப்ளர் முறை என்கிறார்களே, எதைத் தேர்ந்தெடுப்பது?

இரண்டும் தொலைநோக்கியைத் திருப்பி வைத்த அமைப்புகளே. கலிலியோ முறையில் முதலில் குழிலென்சு, பிறகு குவிலென்சு. கெப்ளர் முறையில் இரண்டுமே குவிலென்சுகள். −25 மி.மீ., +125 மி.மீ. லென்சுகளைக் கொண்ட கலிலியோ விரிப்பான் 100 மி.மீ. நீளத்தில் 5 மடங்கு தரும். கெப்ளர் முறையில் அதே 5 மடங்குக்கு 150 மி.மீ. நீளம் வேண்டும். கெப்ளர் முறையில் கற்றை குழலுக்குள்ளேயே ஒரு புள்ளியில் குவிவதால், துடிப்பு லேசர்களின் உச்சத்திறன் அந்த இடத்தில் காற்றையே அயனியாக்கிவிடக்கூடும். மறுபுறம், அந்தப் புள்ளியில் ஒரு நுண்துளையை வைத்துக் கற்றையின் அழுக்கை வடிகட்டலாம் என்பதால், ஹோலோகிராம் எடுப்பவர்கள் கெப்ளர் முறையையே விரும்புவார்கள். அந்த வடிகட்டல் தேவையில்லை என்றால் கலிலியோ முறையே போதும்; கீழே வரும் மூன்று லென்சு அமைப்பும் அந்த வகையைச் சேர்ந்ததுதான்.

இரண்டு லென்சுகளுக்கு இடையிலான தொலைவை மாற்றினால் விரிவு மடங்கும் மாறாதா?

மாறாது. மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இதுவே. இரண்டு லென்சு விரிப்பானில் மடங்கு என்பது இரு குவியத் தொலைவுகளின் விகிதம். லென்சுகளை வாங்கிய அன்றே அது முடிவாகிவிட்டது. இடைவெளியை மாற்றினால் வெளிவரும் கற்றை குவியும் அல்லது விரியும், அவ்வளவே. மடங்கு மாற வேண்டும், கற்றையும் இணையாகவே இருக்க வேண்டும் என்றால் நிறைவு செய்யவேண்டிய நிபந்தனைகள் இரண்டு; ஆகவே மாற்றத்தக்க இடைவெளிகளும் இரண்டு வேண்டும்; இரண்டு இடைவெளிகளுக்கு மூன்று லென்சுகள் வேண்டும்.

அப்படியானால் எந்த மூன்று லென்சுகள்?

எல்லாப் பட்டியல்களிலும் கிடைக்கும் எண்களையே எடுத்துக்கொள்வோம்: லேசருக்கு அருகில் +100 மி.மீ., நடுவில் −25 மி.மீ., வெளிவாயிலில் +200 மி.மீ. முதலும் மூன்றாவதும் 25.4 மி.மீ. விட்டத்திலும், நடுலென்சு 12.7 மி.மீ. விட்டத்திலும் வாங்கினால் போதும்.

இந்த மூன்றுக்கும் கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை மிக எளிமையாக வருகிறது. முதல் லென்சுக்கும் நடுலென்சுக்கும் உள்ள இடைவெளி, 75-இலிருந்து மடங்கை 12.5-ஆல் பெருக்கிக் கழித்தது. அதாவது 5 மடங்குக்கு 75 − 62.5 = 12.5 மி.மீ. நடுலென்சுக்கும் மூன்றாவதுக்கும் உள்ள இடைவெளி, 175-இலிருந்து 50-ஐ மடங்கால் வகுத்துக் கழித்தது; 5 மடங்குக்கு 175 − 10 = 165 மி.மீ. இவ்வாறே 4 மடங்குக்கு 25, 162.5, 3 மடங்குக்கு 37.5, 158.3, 2 மடங்குக்கு 50, 150. மொத்த நீளம் 177.5 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை மாறுகிறது. 6 மடங்கு கேட்டால் முதல் இடைவெளி சுழியாகிவிடும். இரண்டு லென்சுகள் ஒரே இடத்தில் அமர முடியாது என்பதால், இந்தக் கூட்டணியின் நடைமுறை எல்லை 5 மடங்குதான்.

முதல் லென்சு கற்றையைக் குவிக்கத் தொடங்குகிறது. ஆனால் குவிந்து முடியும் முன்பே நடுலென்சு அதைப் பிடித்து விரித்துவிடுகிறது. எனவே குழலுக்குள் எங்கும் குவியப்புள்ளி இல்லை. 2 மடங்கு நிலையில் நடுலென்சின் மீது கற்றை அரை மி.மீ. விட்டத்துக்குச் சுருங்குகிறது என்பதால், திறன் மிகுந்த லேசர் வைத்திருப்பவர்கள் அந்த லென்சின் பூச்சு தாங்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். சில மில்லிவாட் லேசர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

பட்டியலில் 200 மி.மீ. என்று போட்டிருந்தால் அது உண்மையிலேயே 200-தானா?

இல்லை. ஆயத்த லென்சுகளுக்கு 1 விழுக்காடு வரை ஏற்றத்தாழ்வு இயல்பு. 200 என்பது 198 ஆகவும் இருக்கலாம், 202 ஆகவும் இருக்கலாம். அத்துடன் பட்டியல் எண் பெரும்பாலும் 587.6 நானோமீட்டர் மஞ்சள் ஒளிக்கு உரியது. சாதாரண பி.கே.7 கண்ணாடியில் அந்த 200, பச்சை ஒளிக்கு 199 ஆகிறது. 1064 நானோமீட்டர் அகச்சிவப்புக்கு 204 ஆகிறது. மூன்று லென்சுகளும் ஒரே கண்ணாடியாக இருந்தால் எல்லாம் ஒரே விகிதத்தில் நீளும் அல்லது சுருங்கும். இடைவெளிகளையும் அதே விகிதத்தில் மாற்றினால் மடங்கு துளியும் மாறுவதில்லை. பல வகைக் கண்ணாடிகளைக் கலந்து வாங்காதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மேற்சொன்ன இடைவெளிகள் லென்சின் விளிம்பிலிருந்து அளப்பவை அல்ல, முதன்மைத் தளங்களிலிருந்து, அதாவது குவியத் தொலைவை அளக்கத் தொடங்கும் கற்பனைத் தளங்களிலிருந்து, அளப்பவை. லென்சின் தடிமன் காரணமாக இதில் ஓரிரு மி.மீ. பிசகும். ஆகவே ஒவ்வொரு நகர்வுக்கும் இருபுறமும் 5 மி.மீ. கூடுதல் இடம் விட்டுவிட வேண்டும். மடங்கு 5-க்குப் பதில் 4.9 ஆக இருந்தால் எந்தச் சோதனையும் கெடாது. கற்றை இணையாக இல்லாவிட்டால் எல்லாமே கெடும். இடைவெளியைத் துல்லியமாகச் சரிசெய்யும் வசதியைக் குழலில் வைத்துவிட்டால், லென்சின் குறைகளை அதுவே விழுங்கிக்கொள்ளும்.

லென்சின் எந்தப் பக்கம் லேசரைப் பார்க்க வேண்டும்?

ஒருபுறம் தட்டையான குவிலென்சுகளில், இணைக்கற்றை இருக்கும் திசையை வளைந்த பக்கம் பார்க்க வேண்டும். முதல் லென்சின் வளைவு லேசரை நோக்கியும், மூன்றாவதன் வளைவு வெளியை நோக்கியும் அமையும். நடுலென்சு இருபுறக் குழிலென்சாக இருக்கட்டும். 2 மடங்கு நிலையில் ஒளி அதன் இருபுறமும் முற்றிலும் சமச்சீராகச் செல்கிறது. 1 மி.மீ. கற்றைக்கு எந்த லென்சிலும் கோளப்பிறழ்ச்சி (லென்சின் ஓரமும் நடுவும் ஒளியை வெவ்வேறு இடத்தில் குவிக்கும் குறை) பொருட்படுத்தத்தக்கதாக இல்லை என்பதால், இரு கண்ணாடிகளை ஒட்டிச் செய்யும் விலைமிக்க இணைப்பு லென்சுகள் தேவையில்லை.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைக்கும் லென்சு உதவாதா?

பழகிப் பார்க்க உதவும். 1000-ஐப் பவரால் வகுத்தால் குவியத் தொலைவு மி.மீ.-இல் வந்துவிடும்: +5 என்பது 200 மி.மீ., −20 என்பது −50 மி.மீ. இவ்விரண்டையும் 150 மி.மீ. இடைவெளியில் வைத்தால் 4 மடங்கு கலிலியோ விரிப்பான் தயார். கண் பரிசோதிக்கும் பெட்டியில் இவை இரண்டும் இருக்கும். ஆனால் மூக்குக்கண்ணாடிக்கெனச் செய்யும் லென்சு கண்ணின் சுழற்சிக்கேற்ப ஒருபக்கமாக வளைக்கப்பட்டது, பெரும்பாலும் பிளாஸ்டிக். அதன் வழியே வரும் கற்றையில் நீர்ச்சுழி போன்ற கோடுகள் தெரியும். குறுக்கீட்டுச் சோதனைகளுக்கு அது ஆகாது.

இடைவெளி எவ்வளவு துல்லியமாக இருக்க வேண்டும்?

மூன்றாவது லென்சின் குவியத் தொலைவை இருமடியாக்கி இடைவெளிப் பிழையால் வகுத்தால், கற்றை எந்தத் தொலைவில் குவியும் அல்லது எங்கிருந்து விரிவது போலத் தோன்றும் என்பது கிடைக்கும். 1 மி.மீ. பிழை என்றால் 40 மீட்டர், 0.2 மி.மீ. என்றால் 200 மீட்டர். 5 மடங்கு நிலையில் கற்றை தன் பருமனைக் காக்கும் தொலைவே 37 மீட்டர் என்பதால், 1 மி.மீ. பிழை கண்ணுக்குத் தெரியும் குறை, 0.2 மி.மீ. பிழை ஏறத்தாழ ஒன்றுமில்லை.

மூன்றாவது லென்சை நகர்த்தித்தான் நுண்சரிசெய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். முதல் லென்சை நகர்த்துவதே மேல். 5 மடங்கு நிலையில் முதல் லென்சை 1 மி.மீ. நகர்த்தினால், அது மூன்றாவது லென்சை 0.16 மி.மீ. நகர்த்தியதற்குச் சமம். துல்லியம் அதிகம் தேவைப்படும் நிலையில் அசைவு தானாகவே நுண்மையாகிவிடுகிறது. 2 மடங்கு நிலையில் இந்தச் சலுகை இல்லை. ஆனால் அங்கே 1 மி.மீ. பிழையைக்கூடக் கற்றை பொறுத்துக்கொள்ளும்.

குழலை எதில், எப்படிச் செய்வது?

மூன்றாவது லென்சை அலுமினியக் குழலின் முனையில் நிலையாகப் பொருத்துங்கள். நடுலென்சின் வண்டி (லென்சைத் தாங்கிக் குழலுக்குள் நகரும் பகுதி) 15 மி.மீ. நகர வேண்டும், முதல் லென்சின் வண்டி 22.5 மி.மீ. நகர்ந்து, கடைசியில் 0.5 மி.மீ. புரியிடைத் தூரமுள்ள மரையில் நுண்ணிதாகத் திருக வேண்டும். எந்த நல்ல லேத் பட்டறையிலும் இதைக் கடைந்து தருவார்கள். பி.வி.சி. குழாய் வேண்டாம். சித்திரை மாதத்தில் காலைக்கும் பிற்பகலுக்கும் 20 பாகை வேறுபாடு வந்தால், 200 மி.மீ. அலுமினியம் 0.1 மி.மீ. அளவுக்குத்தான் நீளும்; பி.வி.சி. அதைப்போல மூன்று மடங்கு நீளும், வளையவும் செய்யும்.

ஒரு தவறை நானே செய்து கற்றேன். நடுலென்சை நேரடியாக மரையில் பொருத்தி, திருகும்போது லென்சும் சேர்ந்து சுழலும்படி முதல் குழலைச் செய்துவிட்டேன். கானாடுகாத்தானில் நண்பர் வீட்டுத் திண்ணையில் வைத்து, 45 மீட்டர் தள்ளிப் பின்வாசலில் கட்டிய வெள்ளை வேட்டியின் மீது புள்ளியை விழச்செய்துவிட்டு, உடன் வந்த மாணவரை மெதுவாகத் திருகச் சொன்னேன். புள்ளி நின்ற இடத்தில் நிற்காமல், கோலம் போடுவது போல வேட்டியில் ஒரு வட்டம் வரைந்தது. அளந்தபோது வட்டத்தின் விட்டம் 6 செ.மீ. இருந்தது. கணக்கிட்டுப் பார்த்தால் லென்சின் மையம் வெறும் 0.1 மி.மீ. விலகியிருந்திருக்கிறது: அந்த விலகல் கற்றையை 0.7 மில்லிரேடியன் சாய்க்கிறது, 45 மீட்டரில் அது 3 செ.மீ. ஆரமாகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆச்சி, “பொட்டு வைக்கச் சொன்னா வளையல் போடுதே” என்றார்கள். அதன்பின் வண்டியில் ஓர் ஆணியையும், குழலில் நீளவாட்டில் ஒரு காடியையும் வைத்து, லென்சு சுழலாமல் வழுக்கி மட்டும் செல்லும்படி மாற்றிவிட்டேன். மைய விலகல் இன்னும் இருக்கிறது. ஆனால் அது ஒரே திசையில் நிலையாக இருப்பதால், நுண்சரிசெய்யும்போது புள்ளி அலைவதில்லை.

கற்றை இணையாக வருகிறதா என்று எப்படி உறுதி செய்வது?

செட்டிநாட்டில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. திண்ணையில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு எல்லாவற்றையும் ஊடுருவிப் பின்வாசல் வரை ஒரே நேர்க்கோட்டில் தெரியும்படி கட்டிய வீடுகள் இங்கே ஊருக்கு ஊர் இருக்கின்றன. நண்பர் வீட்டில் அந்தத் தொலைவு ஏறத்தாழ 45 மீட்டர். எந்தக் கல்லூரி ஆய்வகத்திலும் இவ்வளவு நீளம் கிடைக்காது. வளவின் முற்றத்து வெயிலில் சூடான காற்று எழும்பிப் புள்ளியை நடுங்கச் செய்யும் என்பதால், பொழுது சாய்ந்தபின் செய்வது நல்லது.

அங்கே புள்ளியின் விட்டத்தை அளப்பதைவிடச் சிறந்த முறை ஒன்று உண்டு. லேசரைச் சாய்க்காமல் பக்கவாட்டில் சரியாக 1 மி.மீ. நகர்த்துங்கள். குழலின் வாயிலுக்கு அருகே வைத்த வரைபடத்தாளில் புள்ளி 5 மி.மீ. நகர்ந்தால் மடங்கு 5. பின்வாசலிலும் அதே 5 மி.மீ. நகர்ந்தால் கற்றை இணையானது. அங்கே அதைவிட அதிகம் நகர்ந்தால் கற்றை விரிகிறது. குறைவாக நகர்ந்தால் குவிகிறது. இடைவெளியில் 1 மி.மீ. பிழை இருந்து கற்றை விரிந்தால், 45 மீட்டரில் 5-க்குப் பதில் 10 மி.மீ.-க்கு மேல் நகரும். தவறவே விட முடியாது. நகர்த்தும்போது கை தவறி லேசர் சிறிது சாய்ந்துவிட்டாலும், விரிப்பான் அந்தச் சாய்வை ஐந்தில் ஒன்றாகக் குறைத்துவிடுகிறது.

நீண்ட வீடு கிடைக்காதவர்கள் இணைதளக் கண்ணாடித் தகடு ஒன்றைக் கற்றையில் 45 பாகையில் வைக்கலாம். முன்பக்கமும் பின்பக்கமும் எதிரொளிக்கும் இரு கற்றைகள் சற்று விலகி ஒன்றன்மேல் ஒன்று விழும். அந்தப் பகுதியில் கோடுகள் தெரிந்தால் கற்றை இணையில்லை, ஒரே சீரான ஒளியாக இருந்தால் இணை. ஒளியியல் ஆய்வாளர் எம்.வி.ஆர்.கே. மூர்த்தி 1964-இல் வெளியிட்ட முறை இது.

பாதுகாப்பில் எதைக் கவனிக்க வேண்டும்?

விரித்த கற்றை செறிவு குறைந்தது, ஆகவே கண்ணுக்குக் கேடில்லை என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிடுங்கள். இருட்டில் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை திறக்கும், 5 மி.மீ. கற்றை முழுவதும் அதற்குள் நுழைந்துவிடும். விரிகோணம் குறைந்திருப்பதால் தொலைவில் நிற்பவருக்கும் ஆபத்து அதிகம். லென்சுகளைச் சரிசெய்யும் வேலைகளை 1 மில்லிவாட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான பச்சை லேசர்களில் சில, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பையும் கசியவிடுகின்றன என்பதால், வடிகட்டி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

நம் வீடுகளுக்கென்றே ஓர் எச்சரிக்கையும் உண்டு. முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் கலந்து இழைத்த சுவரும், நாள்பட்டு மெருகேறிய ஆத்தங்குடித் தரைக்கல்லும், சாய்வாக விழும் ஒளிக்குக் கண்ணாடியைப் போலவே நடந்துகொள்ளும். வளவில் மாட்டியிருக்கும் பெல்ஜியம் கண்ணாடிகளைத் துணியால் மூடிவிடுங்கள். கற்றையை இடுப்புக்குக் கீழே செலுத்துங்கள். பின்வாசலுக்கு வெளியே தெருவில் போவோர் வருவோர் இருப்பதால், வேட்டிக்குப் பின்னால் ஒரு பலகையும் வேண்டும். குழந்தைகள் தரையில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் இதைச் செய்யவே கூடாது.

எதிரொளிப்புத் தடுப்புப் பூச்சு அவசியமா?

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். ஆறு பரப்புகளில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். போன ஒளி குழலுக்குள் அலைந்து, புள்ளியைச் சுற்றி மங்கல் வளையங்களாகத் தெரியும். பூச்சுள்ளவற்றையே வாங்குங்கள், குழலின் உட்புறத்துக்கு மெருகில்லாத கறுப்பு அடியுங்கள்.

எங்கள் பட்டறையில் கார்பன் டை ஆக்சைடு லேசர் இருக்கிறது. இதே லென்சுகளைப் பொருத்தலாமா?

கூடாது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர், சாதாரணக் கண்ணாடி அந்த ஒளிக்குச் சுவரைப் போன்றது. முழுத் திறனையும் உறிஞ்சிச் சூடேறி வெடித்துவிடும். ஜிங்க் செலினைடு லென்சுகள்தாம் வேண்டும். கணக்கு முறை மாறாது; குவியத் தொலைவுகளை அந்தப் பொருளில் கிடைக்கும் எண்களுக்கேற்ப மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும்.

ஒவ்வொரு முறையும் இத்தனை சரிபார்ப்பும் செய்யவேண்டுமா?

வேண்டாம். 2, 3, 4, 5 மடங்கு நிலைகளில் ஒருமுறை சரிசெய்து, ஒவ்வொன்றிலும் இரு வண்டிகளும் நிற்கும் இடத்தைக் குழலின் மேல் கூரிய ஊசியால் கீறிவிடுங்கள். கணக்கில் வந்த இடத்துக்கும் கீறிய இடத்துக்கும் ஓரிரு மி.மீ. வேறுபாடு இருக்கும்; கீறியதையே நம்புங்கள். லென்சு எதையாவது கழற்றித் துடைத்து மாட்டினால் 5 மடங்குக் கீறலை மட்டும் மறுபடி சோதித்தால் போதும். அது சரியாக இருந்தால் மற்ற மூன்றும் சரியாகவே இருக்கும்.